ஒரகடத்தில் கடைந்த வளையம்

படப்பை தாண்டியதும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே மூன்று கேமரா பாடிகள், ஒரே ஒரு லென்ஸ். காலை ஆறு மணிக்கு வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஓடுபவை பெரும்பாலும் கம்பெனி பஸ்கள்தான். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறார்கள். எதிரே வரும் பஸ்களில் இரவு ஷிப்டு முடித்தவர்களும் அதே மாதிரி தூங்கிக்கொண்டு வருகிறார்கள்.

லென்ஸ் கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரில் செய்தது. பெயர் பிளெக்டோகன். 20 மி.மீ., எஃப் 4. முன்கண்ணாடி தேங்காய் மூடி போல அகன்றிருக்கும். ஃபில்டர் மாட்டும் வாயின் விட்டம் மட்டும் 77 மி.மீ. காஞ்சிபுரத்தில் ஸ்டூடியோ நடத்திய பெரியவர் ஒருவர் கடையை மூடிய வாரத்தில், ஒரு பிராக்டிகா கேமராவோடு சேர்த்து இதை என் கையில் கொடுத்தார். சின்னக் கல்யாண மண்டபங்களில் பின்னால் நகர இடம் இருக்காது, மொத்தக் குடும்பத்தையும் ஒரே படத்தில் அடைக்க வாங்கினேன் என்றார். பிராக்டிகாவின் ஷட்டர் நின்றுபோய் வருஷங்கள் ஆகியிருந்தன. லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் நூலளவு பூஞ்சை, அவ்வளவுதான். பாடி போய்விட்டால் லென்ஸும் போனதாகக் கணக்கு வைத்துவிடுகிறோம். அந்தக் கணக்கு தவறு என்று காட்டத்தான் அன்று கிளம்பினேன்.

இந்த லென்ஸின் பின்புறம் 42 மி.மீ. விட்டமும், சுற்றுக்கு 1 மி.மீ. ஏற்றமும் உள்ள மரை. 1949-ல் டிரெஸ்டனில் வந்த கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு பரவிய மரை இது. பிராக்டிகா, ஜெனிட், 1975 வரை பென்டாக்ஸ் என்று பலரும் இதையே வைத்துக்கொண்டார்கள். மரை பொருந்துவது பாதி வேலைதான். மீதிப் பாதி, லென்ஸ் அமரும் முகத்திலிருந்து பிலிம் இருக்கும் தளம் வரையுள்ள தூரம். இந்த மரைக்கு அது 45.46 மி.மீ. நிக்கானுக்கு 46.5. கேனான் ஈஓஎஸ் பாடிகளுக்கு 44. பழைய லைக்கா மரைக்கு 28.8. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஓர் எண்ணை வைத்துக்கொண்டது.

என் பையில் இருந்த முதல் பாடி நிக்கான் எஃப்எம்2. இருபது வருஷமாகக் கையில் பழகியது. பிளெக்டோகன் அதில் உட்கார வேண்டும் என்றுதான் முதலில் ஆசைப்பட்டேன். நடக்காது. எவ்வளவு மெல்லிய வளையம் போட்டாலும் லென்ஸ் தன் இடத்திலிருந்து குறைந்தது 1.04 மி.மீ. முன்னால் தள்ளியே நிற்கும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 50 மி.மீ. லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் சுமார் இரண்டரை மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும். ஆள் முகத்தையாவது எடுக்கலாம். 20 மி.மீ. லென்ஸுக்கு அதே தள்ளலில் உலகம் 40 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் எல்லாம் புகை. குவியத்தூரத்தை அதனாலேயே பெருக்கி, தள்ளிய அளவால் வகுத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும். லென்ஸ் எவ்வளவு அகலமோ, அவ்வளவுக்கு அது மில்லிமீட்டரை மன்னிக்காது.

இரண்டாவது கேனான் ஈஓஎஸ் பிலிம் பாடி. 1.46 மி.மீ. தடிமனில் ஒரு வளையம் போதும். கடையில் வாங்கியதே இருக்கிறது. கடை வளையங்களைப் பெரும்பாலும் சற்று மெலிதாகவே செய்வார்கள். தடித்துவிட்டால் தொலைவு ஃபோகஸ் ஆகாமல் போய்விடும் என்ற பயம்தான் காரணம். ஒரு வளையம் 0.1 மி.மீ. மெலிந்திருந்தால், 20 மி.மீ. லென்ஸில் 4 மீட்டர் என்று பொறித்த இடத்திலேயே இன்ஃபினிட்டி வந்துவிடும். மிரர் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்கிறவருக்கு இதில் பெரிய நஷ்டம் இல்லை. லென்ஸில் பொறித்த தூரத்தை நம்பிப் படம் எடுக்கிறவருக்கு எல்லாமே பொய்.

மூன்றாவது பாடிக்கு அந்த நம்பிக்கையைத் தவிர வேறு வழி கிடையாது. 1999-ல் ஜப்பானின் கோசினா வெளியிட்ட பெஸ்ஸா-எல். லைக்கா மரை. மிரரும் இல்லை, வ்யூஃபைண்டரும் இல்லை, தூரம் அளக்கும் ஏற்பாடும் இல்லை. அகல லென்ஸ்களுக்காகவே செய்த பாடி. தலையில் ஒரு தனி ஃபைண்டரைச் செருகிக்கொண்டு, தூரத்தை மனசால் கணித்து, லென்ஸில் வைத்து அழுத்த வேண்டியதுதான். 45.46-லிருந்து 28.8 போனால் 16.66 மி.மீ. அந்த நீளத்துக்கு ஒரு குழாய் வேண்டும். ஒரு பக்கம் 42-க்கு உள்மரை, மறுபக்கம் 39-க்கு வெளிமரை. அதைக் கடைந்து வாங்கத்தான் ஒரகடம் போனேன்.

ஒரகடம் கூட்டுச்சாலையில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். 2010-ல் ரெனோ-நிஸான், அதே காலத்தில் அப்போலோ டயர்ஸ், 2012-ல் பாரத்பென்ஸ், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று அடுத்தடுத்து வந்து இந்தச் சந்திப்பை நிரப்பின. பெரிய பெயர்கள் சாலையோரம் இருக்கின்றன. அவற்றுக்கு உதிரி செய்கிறவர்கள் சற்று உள்ளே. அந்த உதிரிக்கு ஒரு புஷ், ஒரு ஸ்பேசர் கடைந்து கொடுப்பவர்கள் இன்னும் உள்ளே, தகரக்கூரை போட்ட பட்டறைகளில். மாத்தூர் பக்கம் அப்படி ஒரு கடைசல் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், சுவரில் முருகன் படம், பக்கத்தில் பழைய மரை அட்டவணை.

மாஸ்டருக்கு அறுபது வயதிருக்கும். லென்ஸைக் கையில் வாங்கியதும் அவர் முதலில் பார்த்தது கண்ணாடியை அல்ல, மரையை. நகத்தால் ஒரு தடவை வருடினார்.

“நல்லா கடைஞ்சிருக்கான் தம்பி. இத்தனை வருஷத்துல ஒரு பல்லுகூட தேயல.”

நான் எண்களைச் சொன்னேன். பிலிம், ஃபோகஸ் என்று விளக்கத் தொடங்கியதை அவர் பாதியில் நிறுத்தினார். “புரியுது. இன்ஜின்ல ஷிம் வைக்கிற மாதிரிதானே? தடிமன்தான் வேலையே. எவ்வளவுக்குள்ள வரணும்?”

“0.02-க்குள்ள வந்தா போதும்ண்ணே.”

“வந்துடும். ஆனா உங்க பேப்பர்ல இருக்கிற நம்பரை நான் நம்ப மாட்டேன். உங்க கேமராவை அளக்கணும்.”

அது சரியான பேச்சு. நூலில் இருக்கும் எண், கேமரா பிறந்த அன்றைய எண். டெப்த் மைக்ரோமீட்டரை மவுண்டின் முகத்தில் வைத்து, ஷட்டரை ‘பி’-யில் திறந்து பிடித்துக்கொண்டு, பின்னால் பிலிம் ஓடும் இரட்டைத் தண்டவாளத்தின் மேல் ஒரு தட்டையான கேஜ் துண்டை வைத்து அழுத்தி அளந்தார். நான்கு மூலையிலும். நான்கும் ஒன்று போலவே வந்தபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. மவுண்ட் சாய்ந்திருந்தால் எந்த வளையமும் அதைக் காப்பாற்றாது. படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மழுங்கியும் வரும்.

பித்தளை வேண்டாம், கனம் அதிகம் என்று அலுமினிய ரவுண்ட் பார் ஒன்றைச் சக்கில் மாட்டினார். முகம் சீவி, போரிங் பாரால் உள்ளே குடைந்து, 42-க்கு உள்மரை வெட்டும் வரை எல்லாம் மெட்ரிக். அதன் பிறகுதான் லைக்கா மரையின் விசித்திரம். விட்டம் 39 மி.மீ.; மரையின் ஏற்றம் மட்டும் அங்குலத்துக்கு 26 பல். நுண்ணோக்கிகளில் இருந்த ஆங்கிலேய மரைப் பழக்கம் லைக்காவுக்குள் வந்த கதை அது. மில்லிமீட்டரில் அது 0.977 வரும். 1 மி.மீ. ஏற்றத்தில் வெட்டினால் இரண்டு சுற்று போகும், பிறகு இறுகிக்கொள்ளும். பலம் கொடுத்தால் பாடியின் மரை போய்விடும். மாஸ்டர் கியர்களை மாற்றிப் போட்டுவிட்டு, பெட்டியில் 26-ஐத் தேடி நெம்புகோலைத் தள்ளினார். இங்கே பாதி ஜாப் அங்குலம், பாதி ஜாப் மெட்ரிக் என்பது அவருக்குத் தினப்படி விஷயம்.

குழாய் வந்தது. லென்ஸை மாட்டி, பாடியில் திருகினோம். தூரம் காட்டும் கோடு மேலே நிற்பதற்குப் பதில் பக்கவாட்டில், சரியாகக் கால் சுற்று தள்ளி நின்றது. மரை எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்த கோளாறு. முகத்தைக் கொஞ்சம் சீவி லென்ஸைத் திருப்பிவிடலாம் என்று தோன்றியது. சுற்றுக்கு 1 மி.மீ. என்றால் கால் சுற்றுக்கு 0.25 மி.மீ. சீவ வேண்டும். அவ்வளவு சீவினால் ஃபோகஸ் போய்விடும். கோட்டை நேராக்கினால் தூரம் கெடும், தூரத்தைக் காத்தால் கோடு திரும்பாது. மாஸ்டர் டீ வரவழைத்தார். குடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு குழாயை இரண்டு துண்டாகச் செய்தார். பாடியில் திருகும் துண்டு தனி, லென்ஸைத் தாங்கும் துண்டு தனி. ஒன்றுக்குள் ஒன்று வழவழவென்று நுழைந்து சுழலும். நேராக வைத்துப் பக்கத்தில் மூன்று கிரப் ஸ்க்ரூவால் பூட்டிவிட வேண்டும். ஜப்பானிலும் இதே பிரச்சினைக்கு இதே தீர்வைத்தான் போட்டிருக்கிறார்கள். அவர் அதை எங்கும் பார்த்ததில்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

உள்பக்கத்தைப் பளபளப்பாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அகல லென்ஸ் வானத்தின் பாதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாய் மினுங்கினால் அந்த வெளிச்சம் சிதறிப் படத்தை வெளிறடித்துவிடும். அவர் உள்சுவரிலும் மெல்லிய மரையாகச் சொரசொரப்பு ஏற்றி, கறுப்பு மேட் பெயின்ட் அடித்தார்.

சோதனையை வாசலிலேயே செய்தோம். கண்ணாடித் துண்டு ஒன்றை எமரி தாளில் தேய்த்து மங்கலாக்கி, தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்க்க, பிலிம் இருக்கும் இடத்தில் வைத்தேன். வயலுக்கு அப்பால் உயர் மின்கோபுரங்கள் வரிசையாகப் போகின்றன. லென்ஸை இன்ஃபினிட்டியில் நிறுத்தி, பூதக்கண்ணாடியால் பார்த்தால், தலைகீழாகத் தொங்கும் கோபுரத்தின் குறுக்குச் சட்டங்கள் சற்றே மெத்தென்று இருந்தன. அவர் வேண்டுமென்றே கொஞ்சம் தடிமனாக விட்டிருந்தார். சீவினால் குறையும், சேர்க்க முடியாது. மூன்று தடவை சக்கில் ஏற்றி இறக்கினார். நான்காவது தடவை பார்த்தபோது கம்பிகள் தனித்தனியாக எண்ணும்படி நின்றன. பட்டறையின் பையன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, “தலைகீழா இருக்குதுண்ணா, ஆனா சூப்பரா இருக்குது” என்றான்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த லென்ஸ் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கே காரணம் மிரர்தான். 20 மி.மீ. லென்ஸ் இயல்பாக பிலிமுக்கு மிக அருகில் நிற்க ஆசைப்படும். எஸ்எல்ஆர் கேமராவில் அந்த இடத்தில் மிரர் மேலும் கீழும் ஆடுகிறது. 1950-ல் பிரான்சில் பியேர் ஆன்ஜெனியு 35 மி.மீ. லென்ஸ் ஒன்றில் இதற்கு வழி காட்டினார்: தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்த மாதிரி, முன்னால் ஒரு பெரிய குழிவான பகுதியை வைத்து, பிம்பத்தைப் பின்னால் தள்ளிவிடுவது. பிளெக்டோகனின் பெரிய முன்கண்ணாடி அந்த வழியில் வந்தது. நிக்கான் 21 மி.மீ. லென்ஸ் ஒன்றை அப்படிச் செய்யாமல் பழைய முறையிலேயே செய்தபோது, மிரரை மேலே தூக்கிப் பூட்டிவிட்டுத்தான் அதை மாட்ட முடிந்தது. மிரருக்கு ஒதுங்கிப் பிறந்த லென்ஸ் இப்போது மிரரே இல்லாத பாடியில் இருக்கிறது. மாஸ்டர் கடைந்த 16.66 மி.மீ. குழாய், அங்கே இல்லாத ஒரு மிரருக்கான காலி அறை.

மதியத்துக்கு மேல் நடக்கத் தொடங்கினேன். கேமராவில் இல்ஃபோர்டு 400 பிலிம், எஃப் 8, லென்ஸ் 1.7 மீட்டரில். அந்த அளவில் முக்கால் மீட்டருக்குச் சற்று அப்பால் தொடங்கித் தொடுவானம் வரை எல்லாம் தெளிவுக்குள் வந்துவிடும். பிறகு ஃபோகஸைத் தொட வேண்டியதே இல்லை. ஃபைண்டரின் கீழ் ஓரத்தில் லென்ஸின் மூக்கு கொஞ்சம் தெரிகிறது. இரண்டு படத்துக்குள் பழகிவிட்டது.

இந்தப் பகுதியை அகல லென்ஸ் இல்லாமல் எடுக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். ஒரு ஷெட்டின் சுவர் அரை கிலோமீட்டர் போகிறது. அதன் அடியில் ஒரு ஏரிக்கரை, கரையில் நாலு பனை, பனையடியில் ஆடு மேய்க்கும் ஒரு அம்மா. சாதாரண லென்ஸ் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். சுவரையும் ஆட்டையும் ஒரே சட்டத்தில் வைத்தால்தான் இது எந்த ஊர் என்று தெரியும். ஆனால் கேமராவை மட்டமாகப் பிடிக்க வேண்டும். சற்று மேலே தூக்கினாலும் ஷெட்டுகள் பின்னால் மல்லாந்துவிடும்.

ஒரு கம்பெனி வாசலில் காவலாளி தடுத்தார். சாலையில் நின்றுதான் எடுத்தேன். அவருடைய வேலை அது என்பதால் வாதாடவில்லை. “பிலிமா சார்? இன்னும் வருதா?” என்று கேட்டார். ஃபைண்டர் வழியாகப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, கேட்டுக்கு இந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினார்.

சுங்குவார்சத்திரத்தில் டீக்கடை முழுக்க இளம்பெண்கள், போன் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில். ஃபாக்ஸ்கான் ஆலையில் 2020-ல் ஐபோன் 11 தயாரானபோது, அதில் 35 மி.மீ. கணக்குக்கு 13 மி.மீ. வரும் அகல லென்ஸ் ஒன்று இருந்தது. என் கையில் இருந்த யேனா லென்ஸைவிட அகலம். அளவில் ஒரு பருப்பு. அகல லென்ஸ் என்ற பொருள் இன்று மிக அதிகமாகக் கைமாறும் ஊர்களில் ஒன்று இது என்று அந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி குழாயைத் தொட்டுப் பார்த்து, “இது மட்டும் புதுசா இருக்குதே” என்றாள். மாத்தூரில் காலையில் கடைந்தது என்றேன்.

ஸ்ரீபெரும்புதூரில் 2000-ல் தொடங்கிய செயின்ட் கோபைன் ஆலையில் உருகிய ஈயத்தின் மேல் அல்ல, உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடி மிதந்து தகடாகிறது. ஜன்னலுக்கும் கார்களுக்கும் போகிறது. லென்ஸுக்கான கண்ணாடி வேறு ஜாதி. உள்ளே ஒரு இழையும் ஓடாமல் மிக மெதுவாக ஆற வேண்டும். 1884-ல் ஓட்டோ ஷாட் யேனாவில் அதற்கென்றே ஆலை போட்டார். இந்தியாவில் கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி ஆய்வு நிறுவனம் அதைச் செய்து காட்டியது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பிலிமே செய்தது, அது மூடிப்போய்விட்டது. இவ்வளவு கைத்திறன் குவிந்த இந்தத் தடத்தில் ஒரு கேமரா லென்ஸ் கம்பெனி இல்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

மாலையில் ஆதிகேசவப் பெருமாள் கோயில் தெரு. 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர். கோபுரத்தை முழுதாக எடுக்க எல்லோரும் கேமராவைத் தூக்குவார்கள். நான் தெருவின் கடைசிவரை பின்வாங்கி, மட்டமாகப் பிடித்து, பிரிண்டில் கீழ்ப்பாதித் தெருவை வெட்டிக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன். கோபுரம் கோபுரமாகவே நிற்கும்.

ராஜீவ் காந்தி நினைவிடத்துக்கும் போனேன். 1991 மே 21 இரவு அங்கே வெடித்த குண்டில் இறந்தவர்களில் ஒரு இளம் புகைப்படக்காரரும் உண்டு. அவருடைய கேமரா தப்பியது. அதில் இருந்த பத்துப் படங்கள்தான் விசாரணைக்கு முதல் தடயம் கொடுத்தன. பிலிம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த இடத்தில் நிற்பது கனமாக இருந்தது. அங்கே நான் படம் எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வீட்டில் பிலிமை டி-76-ல் கழுவினேன். 36 படத்தில் மூன்று வெளிச்சத்தில் கெட்டிருந்தன. சூரியன் நேராக முன்கண்ணாடியில் விழுந்தவை. மற்றவை நன்றாக வந்தன. கோபுரத்தை 12×15 அங்குலத்துக்குப் பெரிதாக்கியபோது கலசம் வரை சிற்பங்கள் நின்றன. ஷெட்டும் ஏரியும் ஆடும் இருக்கிற படத்தை இன்னொரு பிரதி போட்டு மாஸ்டருக்கு அனுப்பினேன்.

நம் ஊர்களில் எத்தனை ஸ்டூடியோக்கள் மூடியிருக்கின்றனவோ, அத்தனை பரண்களில் இப்படி லென்ஸ்கள் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் பழைய சாமானோடு எடைக்குப் போட வேண்டாம். பூஞ்சையை நீங்களே சுரண்டவும் வேண்டாம். மவுண்டின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பாடியின் தூரம் லென்ஸின் தூரத்தைவிடக் குறைவா என்று பாருங்கள். குறைவென்றால் பக்கத்தில் இருக்கும் ஒரு கடைசல் பட்டறைக்கு இரண்டையும் எடுத்துப் போங்கள். அலுமினியத்தோடு சேர்த்து என்னிடம் 600 ரூபாய் வாங்கினார்கள்.